நானூறு தடவையும் ஏழு தடவையும்

சப்போரோ,
ஞாயிறு காலை

அப்பாவுக்கு யூ-ஹானின் வணக்கம். நெஞ்சில் போட்ட தையல் காய்ந்துவிட்டதா? அம்மா போனில் "நல்லா இருக்காரு" என்பதோடு முடித்துக்கொள்கிறாள்.

இங்கே ஒரு வேடிக்கை. நம் ஊர் லூகாங் கோயிலில் சாமியிடம் கேள்வி கேட்டுப் போடுவோமே, அந்தப் பிறைக்கட்டை இரண்டையும் அம்மா என் பெட்டியில் வைத்திருந்தாள். ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் ஒகினோ பார்த்துவிட்டான். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் சாமி "சரி" என்கிறது என்றேன்.

"அப்ப நீ இருக்கியான்னு அந்தச் சாமிகிட்டயே கேட்டுருவோம்!" என்றான்.

நானூறு தடவை போட்டோம். இருநூற்று மூன்று "சரி".

"பாதிக்குப் பாதி. காசு சுண்டினாலும் இதான் வரும். சாமி இல்ல, போ."

"ஒரே கேள்விய நானூறு தடவ கேட்டா எங்கப்பாவே பதில் சொல்ல மாட்டாரு. சாமி சொல்லுமா?"

"அப்ப உங்க சாமி எந்தப் பரீட்சையிலயும் தோக்காது. நல்லாத்தான் தப்பிக்குது!"

அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் பதில் வரவில்லை என்பதால் ஆளே இல்லை என்று முடிவு கட்டலாமா? இயற்பியல் வாத்தியார் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முள்ளங்கி வற்றல் கொஞ்சம் அனுப்புங்கள். உங்கள் பழைய சாம்பல் நிற ஸ்வெட்டரும் வேண்டும். துவைக்காமல் அனுப்புங்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். உங்கள் ஆபரேஷன் அன்று தனியாக உட்கார்ந்து, "அப்பா பிழைச்சிருவாரா?" என்று கட்டையைப் போட்டேன். "இல்லை" என்று விழுந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன். ஏழாவது தடவைதான் "சரி".

ஒகினோவின் நோட்டில் நானூறும் வரிசையாக இருக்கின்றன. அந்த ஏழு தடவையை அதில் எழுத மட்டும் எனக்குக் கை வரவில்லை.

யூ-ஹான்