கோட்டுக்குள் இரண்டு விரல் துணி

மார்ச் 3, செவ்வாய்
எடை 71. தினமும் காலையில் எடை பார்த்து எழுதச் சொல்லி நர்ஸம்மா கொடுத்த நோட்டு இது. இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோத்துவிட்டது என்று அர்த்தமாம். உடனே ஓடி வர வேண்டுமாம். "நடக்கவே மூச்சு வாங்குது, இதுல ஓடி வேற வரணுமா?" என்றேன். சிரித்துவிட்டார்.
இவ்வளவு இடம் இருக்க, எண்ணை மட்டும் எழுதி மூட மனசு வரவில்லை.

மார்ச் 5, வியாழன்
எடை 71. இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறதாம். எவ்வளவு நாள் என்று டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாதுங்க. ஆறு மாசமும் இருக்கலாம், ஆறு வருஷமும் இருக்கலாம்" என்றார்.
நான் முப்பது வருஷத் தையல்காரன். வெட்டாத துணிக்கே "நாளைக்கு வாங்க, ரெடி" என்று சொன்னவன். "சும்மா ஒரு தேதி சொல்லுங்க டாக்டர், நானெல்லாம் அப்படித்தான் சொல்வேன்" என்றேன். பாவம், மனிதருக்குத் தொழில் தெரியவில்லை.
வீட்டுக்காரி வழியெல்லாம் மருந்துச் சீட்டையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 9, திங்கள்
எடை 71. குளிருக்குச் சேலைமேல் போட அவளுக்குக் கோட்டு தைக்கத் துணி எடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. இன்றைக்குத்தான் அளவெடுத்தேன். பழைய ரவிக்கை அளவைவிட மூன்று இஞ்சு குறைவு. நோய் எனக்குத்தானே? இவள் ஏன் இளைத்தாள்?
"டேப்பு சுருங்கிடுச்சு போல" என்றேன்.
"ஆமா, அதுக்கும் கவல."

மார்ச் 17, செவ்வாய்
எடை 71.

மார்ச் 18, புதன்
எடை 71.

மார்ச் 19, வியாழன்
எடை 73½. முந்தாநாளும் நேற்றும் எழுதியது பொய். கோட்டு பாதியில் கிடக்கிறது, நான் ஆஸ்பத்திரியில் படுத்தால் யார் முடிப்பது? — படுக்கவே முடியலயே, ராத்திரி பூரா உக்காந்தே தூங்கினேன்.
அவள் என் கணுக்காலை விரலால் அமுக்கினாள். குழி அப்படியே நின்றது. நோட்டை எடுத்துப் பார்த்தாள்.
"கஸ்டமருக்குச் சொல்ற பொய்ய எங்கிட்டயுமா? அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு யாரோட நான் வெளிய போறது? சொல்லுங்க!"
பாதிக் கோட்டை மடித்து மிஷின்மேல் வைத்தேன்.
ஆட்டோ வந்துவிட்டது.

மார்ச் 26, வியாழன்
எடை 70. வீட்டுக்கு வந்தாயிற்று. இனிமேல் எண்ணை அவள்தான் எழுதுவாளாம். என் எழுத்தைவிட அழகுதான். எட்டாவது வரை படித்த திமிர்.

ஏப்ரல் 8, புதன்
எடை 70. கோட்டு முடிந்தது. எல்லோருக்கும் உள்தையலில் ஒரு விரல் துணி விடுவேன். இவளுக்கு இரண்டு விரல்.
"எதுக்கு இவ்ளோ?"
"நீ சதை போட்டா பிரிச்சு விடலாம்ல."
"யாருங்க பிரிப்பா?"
இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை என்று அதன் வயரைத் திருகிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 14, திங்கள்
எடை 70½. கடை அரைநாள்தான். மாடிப் படி ஏறுவதை விட்டாயிற்று. டாக்டர் இன்னும் தேதி சொல்லவில்லை, நானும் கேட்பதில்லை.
"கோட்டு இறுக்குது" என்று வந்து நின்றாள்.
"நாளைக்கு வாங்கம்மா, ரெடி."
முறைத்தாள்.
மெதுவாக, நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு, இன்றே பிரித்து விட்டேன். ஒரு விரல். இன்னும் ஒரு விரல் துணி உள்ளே இருக்கிறது.