இரண்டாம் நீச்சல்

நேற்றுக் காலை நம் சங்கத்து டீச்சரம்மாள் வந்து, ஒரு கரும்புத் துண்டை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். சாண் நீளம், இரண்டு கணு, தோல் சீவாதது. அவள் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்தேன். பிறகு அதைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தேன். கணுவுக்குக் கீழே கீறல் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன் என்றால் உனக்குச் சிரிப்பு வரும். நீ எனக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லி, "சி.ஐ.டி. ரிடையர் ஆனாலும் டியூட்டில இருக்கான்" என்பாய். நீ காலமாகிவிட்டதாகத் தகவல் சொன்ன கார்டைக்கூட நான் இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். அது உன் பிள்ளையின் கையெழுத்துதானா என்று எனக்குச் சந்தேகம்.

டீச்சரம்மாள் கொள்ளேகால் பக்கத்துக்காரி. இந்த வருஷம் சங்கராந்தி நீச்சலுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம், அதில் நீச்சலின் சரித்திரத்தை அவள் எழுத வேண்டுமாம். ஆரம்பத்திலிருந்து இருந்தவர்கள் நீயும் நானும்தான். நீ கார்த்திகையில் கிளம்பிவிட்டாய். ஆகவே நோட்டும் பென்சிலுமாக என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"எல்லாரும் பாறை வரைக்கும் ரெண்டு வாட்டி நீந்தறாங்களே ஸார், அது ஏன்? ஒருத்தர் பெருமாளுக்கு ஒண்ணு, தாயாருக்கு ஒண்ணுங்கறார். இன்னொருத்தர் தட்சிணாயனத்துக்கு ஒண்ணு, உத்தராயணத்துக்கு ஒண்ணுங்கறார். நிஜம் எது?"

நான் மூக்குப்பொடி டப்பாவைத் தேடுகிற சாக்கில் எழுந்து உள்ளே போனேன். பதில் எனக்குத் தெரியும். அதற்காகவே எழுந்து போனேன்.

சுதந்திரம் வந்த மறு சங்கராந்தி உனக்கு நினைவிருக்கும். மைசூரில் அந்த வருஷம் நல்ல குளிர். ரயிலடி வாசலில் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்த கூலிக்காரர்களைப் பார்த்துவிட்டு நீதான் பேச்சை எடுத்தாய். நம் தெருக்காரர்கள் ஆளுக்கொரு கம்பளி கொடுக்கலாமே என்றார்கள். நீ ஒப்பவில்லை. "குளிர்னா என்னன்னு தெரியாம கம்பளி குடுக்கறதுல என்ன இருக்கு? மொதல்ல தண்ணில எறங்கட்டும்" என்றாய். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படித்துறையில் விடியற்காலையில் இறங்கி, ஆற்று நடுவில் இருக்கும் பாறை வரைக்கும் நீந்த வேண்டும். பரிசல்காரன் முன்னாலேயே கொண்டுபோய் வைத்திருக்கும் கரும்புக் கட்டிலிருந்து ஒரு துண்டைப் பல்லில் கவ்விக்கொண்டு திரும்ப வேண்டும். ஒரு துண்டு கரை சேர்ந்தால் ஒரு கம்பளி. இதுதான் நீ போட்ட சட்டம்.

எனக்கு அப்போதே உன்மேல் நம்பிக்கை இல்லை. முனிசிபாலிட்டி எலெக்‌ஷனுக்கு நிற்கப் போகிறாய், அதற்குத்தான் இவ்வளவு தடபுடல் என்று வீட்டில் சொன்னேன். எலெக்‌ஷன் வந்தது, நீ நிற்கவில்லை. சரி, வேறு ஏதோ கணக்கு வைத்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. எடைக்கல்லுக்கு முத்திரை போடுகிற ஆபீஸில் குமாஸ்தா நான். கடைக்காரன் நீட்டும் ஒவ்வொரு கல்லும் எடை குறைச்சல் என்று ஆரம்பித்து, பிறகுதான் தராசில் வைப்பேன். அந்த ஒரு தகுதிக்காகவே என்னைக் கரையில் நிற்க வைத்தாய். கம்பளி தருவதாகச் சொன்ன ஜவுளிக்கடை முதலாளியும், "நீர் கண்ணால பாத்துச் சொன்னாப் போறும் ஸ்வாமி" என்று சொல்லிவிட்டார். ஊரில் என் வார்த்தைக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான், ஆனால் அது எனக்குப் பெரிது. அது கெட்டுப்போனால் எனக்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை.

ஒவ்வொரு வருஷமும் இறங்குவதற்கு முன் உன் கண்ணாடியைக் கழற்றி என் இடது உள்ளங்கையில் வைப்பாய். கண்ணாடி இல்லாவிட்டால் உனக்குப் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது, மரம் தெரியாது. ஆற்றின்மேல் பனி மூடிக் கிடக்கும். எங்களுக்கே பாறை தெரியாது. ஆனால் முதலில் திரும்பி வருகிறவன் நீதான். அதுவும் பாதித் தலை நனையாமல்.

"எப்படிடா பாறை தெரியறது உனக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாது. தண்ணி மோதற சத்தம் கேக்கறதோல்லியோ, அதைப் பிடிச்சுண்டு போவேன்."

"தலை நனையலையே?"

"தலையைத் தூக்கிண்டு நீந்தினா நனையாது. சும்மா மூளையைக் கசக்கிக்காதே, காபி சாப்பிடலாம் வா."

நீ சொன்னதில் ஓட்டை ஒன்றும் இல்லை. ஓட்டையே இல்லாத பதில் என்றால் எனக்கு இன்னும் சந்தேகம் வரும். நாணல் மறைவில் இடுப்பளவுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வேட்டியில் செருகிக் கொண்டுவந்த கரும்பை வாயில் வைத்துக்கொண்டு வருகிறாய் என்று எனக்குள்ளே முடிவு கட்டிவிட்டேன். மூன்று வருஷம் அதை யாரிடமும் சொல்லாமல் வயிற்றுக்குள் வைத்திருந்தேன்.

நாலாவது வருஷம் கரும்பு நறுக்கிக் கட்டும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நீந்துகிறவர்கள் இருபத்திரண்டு பேர். துண்டு போதாமல் போகக்கூடாது என்று இருபத்தைந்து துண்டு நறுக்கினேன். போகிக்கு முதல் நாள் மத்தியானம், பேனாக்கத்தியால் ஒவ்வொரு துண்டிலும் கணுவுக்குக் கீழே எள்ளளவு ஒரு சாய்ந்த கீறல் போட்டேன். ஆபீஸில் முத்திரை போட்டுப் பழகிய கை, ஒன்றுகூடத் தவறவில்லை. வீட்டில்கூடச் சொல்லவில்லை. கட்டைக் கூடத்து மூலையில் சாத்திவைத்துவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சங்கராந்தியன்று பனி எப்போதையும்விட அதிகம். படித்துறையில் நின்றால் கீழ்ப்படி தெரியவில்லை. நீ கண்ணாடியை என் கையில் வைத்தாய், இறங்கினாய், பனிக்குள் போய்விட்டாய். வழக்கம்போல முதலில் வந்தாய். கரும்பை வாயிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தாய், நான் கண்ணாடியை உன்னிடம் கொடுத்தேன். கரும்பைத் திருப்பினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று. கீறல் இல்லை.

இந்த ஊரில் சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் கையில் கொடுத்து, இன்றைக்கு நல்லதே பேசுங்கள் என்று சொல்வார்கள். நான் உன் காதருகே வந்து, "இது பாறைக் கரும்பு இல்லே" என்றேன்.

"என்னடா சொல்றே?"

"பாறைக்கு நீ போகலே. எனக்குத் தெரியும்."

நீ கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபிக்கவில்லை. என்னைப் பார்த்தாய், என் கையிலிருந்த கரும்பைப் பார்த்தாய். அப்போதுதான் போட்டுக்கொண்ட கண்ணாடியைக் கழற்றி மறுபடி என் உள்ளங்கையிலேயே வைத்தாய். திரும்பித் தண்ணீரில் இறங்கிவிட்டாய்.

இந்த முறை வெகு நேரம் ஆயிற்று. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறிக் கரும்பைக் கொடுத்தார்கள். வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தேன், ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. என் சந்தேகம் உன் ஒருவன்மேல்தான். நீ வந்தபோது உதடு நீலமாக இருந்தது, தாடை ஆடிக்கொண்டிருந்தது. நீ கொடுத்த இரண்டாவது கரும்பில் என் கீறல் இருந்தது. ஆக, முதல் தடவை நீ ஏமாற்றியது நிச்சயம் என்று எனக்குத் திருப்தி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நீந்திவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்த கிராமபோன் கடைக்காரர்தான் கேட்டார்: "என்ன ஸ்வாமி, நீர் மட்டும் ரெண்டு தரம்?"

நீ என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். "மொதல் தரம் போனது கம்பளிக்கு. கம்பளியைக் குடுத்தாச்சுன்னா அவா பட்ட குளிர் இல்லேன்னு ஆயிடுமா? அந்தக் குளிருக்காக இன்னொரு தரம்" என்றாய். அவருக்கு என்ன புரிந்ததோ, தலை துவட்டின துண்டை வீசிவிட்டு அந்தப் பெரிய தொந்தியோடு மறுபடி குதித்தார். அவருக்குப் பின்னால் நாலு பேர். மறு வருஷம் எல்லோரும். அதுவே பழக்கமாகிவிட்டது. முதல் தரம் கரும்புக்கு, இரண்டாம் தரம் வெறுங்கையோடு.

அன்று வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்தேன். சாதத்தில் சாத்தமுதை ஊற்றிக்கொண்டே என் மனைவி சொன்னாள்: "ஏன்னா, அந்தக் கரும்புக் கட்டுல மேலாக மூணு துண்டு கணுக்குக் கீழே பூச்சி அரிச்சிருந்தது. பண்டிகையும் அதுவுமா அரிச்சதைக் குடுப்பாளோ? நம்மாத்துக் கரும்புலேர்ந்து நன்னா மூணு நறுக்கி வெச்சுட்டேன்."

நான் பாதியில் எழுந்து கை கழுவிவிட்டேன். வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

அவள் பூச்சி அரிப்பு என்று நினைத்தது என் பேனாக்கத்திக் கீறலை. முதலில் போனவன் நீ. மேலாக இருந்த துண்டை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய். அவ்வளவுதான்.

மறு நாளே உன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். நான் வரவில்லை. வந்தால் கீறல் போட்டதைச் சொல்ல வேண்டும், மூன்று வருஷமாக உன்னைத் திருடன் என்று நினைத்ததைச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் தள்ளிப்போட்டேன், பிறகு ஒரு வருஷம். அடுத்த சங்கராந்திக்கு நீ கண்ணாடியை வேறு யாரிடமாவது கொடுப்பாய் என்று காத்துக்கொண்டு நின்றேன். என்னிடம்தான் கொடுத்தாய். அதற்கடுத்த வருஷமும், போன வருஷம் வரைக்கும். என்னை மன்னித்துவிட்டாயா, இல்லை இதுதான் எனக்கு நீ வைத்த தண்டனையா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். நல்லவன் ஒருவன் நல்லவனாக மட்டும் இருப்பான் என்று என்னால் நம்ப முடிந்ததே இல்லை. தப்பு என்னுடையதுதான்.

ஒரே ஒரு தரம் கேட்டாய். பின்னால் ஒரு வருஷம், நீச்சல் முடிந்து திரும்பி வருகிற ரயிலில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அன்னிக்குக் கரும்புல என்னடா பாத்தே?" என்றாய். "ஒண்ணும் இல்லே" என்றேன். நீ தலையை ஆட்டிக்கொண்டாய்.

நேற்று டீச்சரம்மாளிடம் இதை எல்லாம் சொல்லிவிட்டேன், ஒன்று விடாமல். அவள் பாதியிலேயே எழுதுவதை நிறுத்திவிட்டாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். கடைக்காரர்களை நான் பார்க்கிற பார்வை அது.

"தப்பா நினைக்காதீங்க ஸார். இதை நேர்ல பார்த்தவங்க வேற யாராச்சும் இருக்காங்களா?"

"அவன் ஒருத்தன்தாம்மா."

"அவர்தான் இல்லையே." பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டாள். கிழவர் சரித்திரத்தில் தனக்கும் ஓர் இடம் பிடித்துக்கொள்ளக் கதை கட்டுகிறார் என்று அவளுக்கு எண்ணம். "பெருமாள், தாயார்னே போட்டுடறேன் ஸார். எல்லாருக்கும் பிடிக்கும்."

அவள் போனபிறகு, நான் கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவளுக்கு இத்தனை வருஷத்தில் இது தெரியவே தெரியாது.

"நான் மாத்தி வெச்சேனே, அந்தக் கரும்பா?"

"ஆமாம்."

"அவர்கிட்டச் சொன்னேளா?"

நான் கரும்பை மேஜைமேல் திருப்பி வைத்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் சங்கராந்தி. போவேன். படித்துறையில் எப்போதும் நிற்கிற இடத்தில் நிற்பேன். அங்கே நின்றால் என் இடது கை தானாக விரிந்து குழிந்துகொள்ளும், உன் கண்ணாடிக்குப் பழகிய கை. ஐம்பது பேர் இரண்டாம் தரம் வெறுங்கையோடு தண்ணீரில் இறங்குவார்கள், யாருக்கும் ஏன் என்று தெரியாது. நான் அவர்களைச் சந்தேகிக்க மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது, அது என் ரத்தத்தில் இருக்கிறது.

ரயிலில் நீ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உன் கரும்பில் கீறல் இல்லை என்று பார்த்தேன். கீறல் இல்லாததற்குக் காரணம் எங்கள் வீட்டில் இருந்தது, நீ அல்ல. முதல் தரமே நீ பாறைக்குப் போய்த்தான் வந்தாய்.