புறப்படும் காலையில் மாற்றிய நரம்புகள்

3ஆம் தேதி, வியாழன்

மேடைகளின் மகாராணியும் என் அக்கா பெற்ற ஒரே தலைவலியுமான மருமகளுக்கு,

போனை எடுக்க மாட்டாய், கூரியரில் மட்டும் நெருப்பு அனுப்புவாய். உன் கடிதத்தைப் பிரித்ததும் ஜன்னல் திரை கருகிவிட்டது.

நேற்றைய கச்சேரியில் ஆறு பாட்டுக்குப் பதினோரு தடவை சுருதி சேர்த்தாயாம். முன்வரிசையில் ஒருவர், "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்றாராம். அதற்கு நான் என்ன செய்ய? லூட் என்கிற உன் மேல்நாட்டு வீணையில் இருப்பது ஆட்டுக் குடலில் திரித்த பதினைந்து நரம்பு. ரயிலில் குளிர், அரங்கில் மழை ஈரம். பக்கத்து ஊரில் யாராவது தும்மினாலே அதற்குச் சுருதி இறங்கும்.

நீ புறப்பட்ட அன்று காலை பழையதைக் கழற்றிப் புது நரம்பு கட்டினேன், ஒப்புக்கொள்கிறேன். அன்பளிப்பு! அது புதுச் செருப்பு மாதிரி, நாலு நாள் கடிக்கத்தான் செய்யும். கூட ஆள் இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

பதினாறு வருஷம் உன் பெட்டி சுமந்த,
மாமா

4ஆம் தேதி, வெள்ளி

மாமாவுக்கு,

நாலு நாள் கடிக்கும் என்று தெரிந்தவர் ஏன் புறப்படும் காலையில் கட்டினீர்கள்? பழைய நரம்பில் ஒரு பிசிறு கிடையாது. நன்றாகப் படிந்திருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் சுருதி நிற்கும் என்று நீங்களே எல்லோரிடமும் பெருமையடித்தீர்கள்.

ஞாயிறு கச்சேரியும் இப்படி இழுத்தால் மீதி ஒன்பது ஊரையும் ரத்து செய்வதாக ஏற்பாட்டாளர் சொல்லிவிட்டார். மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்த பயணம் இது.

வேண்டுமென்றே செய்தீர்களா? ஒரே வார்த்தையில் பதில் போடுங்கள். உங்கள் வேடிக்கைப் பேச்சு வேண்டாம்.

மருமகள்

5ஆம் தேதி, சனி

அருமை மருமகளே,

ஆமாம்.

ஒரே வார்த்தையில் நான் பதில் எழுதியது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. கை வலிக்கிறது.

"இனிமே சுருதியை மெஷின் பாத்துக்கும், நீங்க வீட்ல ஓய்வா இருங்க மாமா" என்றாயே, எனக்கென்ன நூற்றெண்பது வயதா? நீ மேடையில் திணறுவாய், "உடனே வாங்க மாமா" என்று அலறுவாய், நான் தளபதி போல வந்து இறங்கி முறுக்காணியைத் தொட்டதும் பதினைந்து நரம்பும் எழுந்து நின்று வணக்கம் வைக்கும். இதுதான் திட்டம். நீ திட்டுவாய் என்று தெரியும். கூப்பிடவே மாட்டாய் என்று தோன்றவில்லை.

ஞாயிறு கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். வருகிறேன், சரிசெய்கிறேன்.

மாமா

7ஆம் தேதி, திங்கள்

மாமாவுக்கு,

நேற்று சுருதி நின்றது. புதன்கிழமையிலிருந்து மணிக்கொரு தடவை நானே இழுத்து இழுத்து ஏற்றிப் படிய வைத்தேன். விரலெல்லாம் கொப்புளம். ஒன்பது ஊரும் உறுதியாகிவிட்டது.

வாத்தியம் வைக்கும் அறையின் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் வந்தது தெரியும். கச்சேரிக்கு முன்னால் வாசல்காரர் உள்ளே வந்து கேட்டார்.

"ஒரு பெரியவர் உங்களைப் பாக்கணும்கிறார். உங்க மாமாவாம்."

"கையில டிக்கெட் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ ரசிகர்தான். அவர் சீட்டுல உக்காரச் சொல்லுங்க."

உங்கள் அக்காவின் மகள்