ஜெயாவின் கையில் எழுந்த தடிப்பு

15 நவம்பர் 1993, திங்கள்

இன்று மதுரையில் ஜெயாவுக்கு அலர்ஜி பரிசோதனை. போன மாதம் இறால் தொக்கு சாப்பிட்டதும் உதடு வீங்கி மூச்சு முட்டியதே, அதற்காகத்தான். அன்று ஊசி போட்டுக் காப்பாற்றிய ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர்தான் அனுப்பினார்.

முன்கையில் இறால் சாற்றை ஒரு சொட்டு விட்டு ஊசிமுனையால் லேசாகக் குத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மட்டும் சிவந்து தடித்தது.

"தூத்துக்குடியில இறாலும் நண்டும் தின்னு வளர்ந்தவ நான். இப்ப எப்படி டாக்டர்?" என்றாள்.

"வளர்ந்த பொறவு புதுசா வர்றதுதாம்மா. நெறையப் பேருக்கு வருது. அடுத்த தடவை ஊசி போட நேரம் கிடைக்குமோ என்னமோ. இனி இறால், நண்டு ரெண்டையும் தொடாதீங்க."

பஸ்ஸில் ராஜபாளையம் வந்து சேர்ந்தோம். வீட்டு வாசலில் ஜெயா சொன்னாள். "அம்மாட்ட சொல்லிராதீய. கிறிஸ்துமஸுக்குப் போனா ஆசையா இறால் ஆக்கி வைப்பாவ. செத்தோல, ஒரு வாய் தின்னா ஒண்ணும் செய்யாது."

நானும் தலையாட்டிவிட்டேன். தலையாட்டியது தப்பு. ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி போய் மாமியாரிடம் நானே சொல்லிவிடுவேன். ஜெயா என்னோடு பேசமாட்டாள். பேசாமலே இருக்கட்டும். இருந்தால் போதும்.