செட்டில் என்றால் எது?

அன்புள்ள பாப்பா ஷாமினிக்கு,

கிள்ளானிலிருந்து அப்பா எழுதுகிறேன். அம்மா, தம்பி குரு, நான் மூவரும் நலம், என் வலது முட்டியைத் தவிர. டப்ளின் குளிரில் நீ முழுதாக நலமாயிருக்க வேண்டும். இங்கே தினமும் சாயங்கால மழை, துணி காய்வதில்லை, குரு பெட்டாலிங் ஜெயாவிலிருந்து நனைந்துகொண்டே வருகிறான், குடை கொண்டுபோ என்றால் சிரிக்கிறான்.

போன ஞாயிறு அம்மா உனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டாள். தீபாவளிக்கு டிக்கெட் எடுத்தாயா, உன் கம்பெனியில் நிரந்தரமாக இருக்கச் சொன்னார்களே அது என்னவாயிற்று. நீ ‘செட்டில்மா’ என்று பதில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாய். இரண்டில் எது செட்டில்? அன்றிலிருந்து வீடு இரண்டு கட்சி. டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று அம்மா முறுக்கு மாவு அரைத்து டின்னில் அடைத்துவிட்டாள். குருவோ, ‘அக்கா அங்கயே செட்டில் ஆயிட்டாப்பா, இனிமே விருந்தாளி மாதிரிதான் வருவா’ என்கிறான். சொன்ன கையோடு டேப்பை எடுத்து உன் அறையை அளந்தான். கம்ப்யூட்டர் மேசை போட இடம் போதுமாம். அம்மா டேப்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக நாளெல்லாம் அடுத்தவர் சொல்லுக்கு அந்த நொடியே அர்த்தம் சொல்கிறவன். உன் ஒரு சொல் தெரியவில்லை. கோர்ட்டில் எனக்குத் தெரிந்த செட்டில் வேறு. போன வாரம் எல்லைச் சுவர் தகராறில் அண்ணனும் தம்பியும் செட்டில் ஆனார்கள். கையெழுத்துப் போட்டு வெளியே வந்தவர்கள் ஒரே லிஃப்டில் ஏற மறுத்துவிட்டார்கள்.

அகராதியைப் புரட்டினேன். கம்பியில் குருவி வந்து உட்கார்வது செட்டில். தேத்தண்ணியில் தூள் அடியில் படிவது செட்டில். வேறு ஊரில் குடியேறுவதும் அதுதான். சமாதானம் செய்வதைக் குறித்த இன்னொரு பழைய சொல்லும் வழியில் வந்து கலந்திருக்கலாமாம். ஆனால் வேர் என்னவென்றால், இருக்கை. முதுகுப் பலகை வைத்த நீள மரப் பெஞ்சுக்கு இன்னும் அந்தப் பெயர்தான். நம் ‘அமர்’ மாதிரி. உட்கார்வதும் அமர்தல், அடங்குவதும் அமர்தல். போருக்கும் அமர் என்று பெயர் உண்டு என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை.

பெஞ்ச் என்று கேட்டதும் அம்மாவுக்கு வேறு அர்த்தம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ‘அப்ப ஒண்ணு வாங்கிப் போடுவோம், பிள்ளை வந்தா உட்காரட்டும்’ என்றாள். ஜெஞ்சாரோமில் ஒரு சீனத் தச்சரிடம் வாங்கினோம். பக்கத்து வீட்டு ஜெயராஜ் தன் லோரியில் ஏற்றிவந்தார். வழியில் உன்னை விசாரித்தார், நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் உன் செட்டிலைச் சொன்னேன். ‘அண்ணே, பொம்பளப் பிள்ள செட்டில்னா கல்யாணம் லா, வேற என்னா’ என்றார். தெலுக் பங்லிமா காராங் ஊரைத் தாண்டும்போது அம்மா, என்னிடம் சொல்லாமலா என்று மட்டும் கேட்டாள், ஜெயராஜை அல்ல, லோரிக் கண்ணாடியைப் பார்த்து. வீட்டில் பெஞ்சை இறக்கி வைத்து, நாலு காலும் தரையில் படிகிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டு ஜெயராஜ், ‘செட்டில் ண்ணே’ என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். ‘பாத்தீங்களா. வேலை முடிஞ்சாத்தான் செட்டில். டிக்கெட் எடுத்தாச்சு’ என்றாள்.

அம்மா இப்படிச் சந்தோஷமாக இருப்பதால் அவளும் கேட்கமாட்டாள், என்னையும் கேட்கவிடமாட்டாள். கேட்டால் பிள்ளை நமக்காக முடிவை மாற்றிக்கொள்வாள் என்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம், அவளுக்குத் தெரியாமல். வாட்ஸ்அப்பில் கேட்டால் நீ மறுபடியும் ஒரே சொல்லில் பதில் போடுவாய், அது வேறு பயம்.

என் வேலையில் ஒரு விதி உண்டு பாப்பா. சாட்சி சொன்ன சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் நான் எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளக் கூடாது. சொன்னவரையே கேட்க வேண்டும். கேட்கும்போது முகத்தில் எதுவும் காட்டக் கூடாது. கடிதத்தில் முகம் தெரியாது, நல்லதாயிற்று. அங்கேயே இருக்கப்போகிறாய் என்றால் இருக்கப்போகிறேன் என்று எழுது. அம்மாவுக்காக இனிப்புத் தடவாதே. நீ தேடிப் பிடித்த வேலை, உனக்குப் பிடித்த ஊர். அது தோல்வி அல்ல, குருவி உட்கார்ந்த கம்பி. அம்மாவிடம் நான் மொழிபெயர்த்துச் சொல்கிறேன், அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன்.

விமான நிலையத்தில் நீ ‘வரேன்பா’ என்று சொல்லிப் போனாய். நம் ஆட்கள் போகும்போதும் அதைத்தான் சொல்கிறோம், வரும்போதும் அதைத்தான். அன்று எந்த வரேன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே இத்தனை நாள் நன்றாகத்தான் இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி சாப்பாட்டை ரொட்டியோடு முடிக்காதே. எங்கே அமர்ந்தாலும் நன்றாக அமர வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். பதிலை என் ஆபிஸ் முகவரிக்கு அனுப்பு, மறந்துவிடாதே. பெஞ்சில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், குரு நகர்ந்தால் நான்கு. இப்போதைக்கு உன் இடத்தில் முறுக்கு மாவு டின் இருக்கிறது.

உன் அப்பா,
இராமலிங்கம்