மார்க்கெட் கழிப்பறைக்குத் திறப்பு விழா

ஜூலை 7, செவ்வாய்

விடாத மழை. கட்கி வீட்டிலிருந்து தாபோடி ஆபீசுக்கு பஸ்ஸில் நின்றபடியே. குடைக் கம்பி ஒன்று உடைந்தது.

வார்டு கமிட்டிக் கூட்டம் காலையில் என்று நோட்டீஸ். ஆரம்பித்தது சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன். ஆரம்பித்ததும் சாப்பாட்டு இடைவேளை.

என் வேலை மினிட்ஸ் எடுப்பது. மராத்தியில். அதில் எழுத முடியாததெல்லாம் இங்கே, தமிழில். ஆபீசில் யாருக்கும் புரியாது. வீட்டில் மகளுக்கே தமிழ் படிக்க வராது. நிம்மதி.

இன்று நடந்தவை:
– போன கூட்டத்து மினிட்ஸுக்கு ஒப்புதல். "நான் இருமினேன், ஆட்சேபம்னு எழுதியிருக்காங்க" என்று ஒரு உறுப்பினர். திருத்தினேன்.
– தெருநாய்த் தொல்லை. காரசாரமான விவாதம். நடுவில் ஒரு நாய் உள்ளே வந்து மேஜைக்கடியில் படுத்தது. எழுப்ப யாருக்கும் தைரியமில்லை.
– டீ. மறுபடி டீ.

மராத்தியில் 'முத்தா' என்றால் பேச வேண்டிய விஷயம். ஒவ்வொருவராக எழுந்து, வார்டு அதிகாரியிடம் "மேடம், ஒரே ஒரு முத்தா" என்று கெஞ்சுகிறார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தமிழ்க் காதில் என்னமோ மாதிரி விழுகிறது. குனிந்து பேனாவைத் தேடுவதுபோல் சிரித்துக்கொள்வேன்.

கடைசி விஷயம்: ரயில்வே கேட் மார்க்கெட்டில் பெண்கள் கழிப்பறை. கட்டி முடித்து, டைல்ஸ் போட்டு, வெள்ளையடித்து, பூட்டிக் கிடக்கிறது. காரணம், திறப்பு விழாக் கல்வெட்டு. மோரே சாகேப் பெயர் மேலேயா, நிகம் சாகேப் பெயர் மேலேயா? இரண்டு பேருமே உறுப்பினர்கள். இரண்டு பேருமே 'நான்தான் கொண்டுவந்தேன்'. முடிவாகவில்லை. கூட்டம் ஒத்திவைப்பு.

பின் வரிசையில் காய்கறி விற்கும் சுனந்தாபாய். இதற்காகவே ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருகிறாள். படியிறங்கும்போது என்னிடம்:

"மேடம், நாங்க காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கிறதில்ல. குடிச்சா எங்க போறது? என் மருமகளுக்கு நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில கெடந்தா. நீங்க எழுதுறீங்களே, இதையும் எழுதுவீங்களா?"

எழுதவில்லை. சபையில் பேசியதைத்தான் எழுதலாம். பஸ்ஸில் வரும்போது பூராவும் அதே நினைப்பு. இட்லிக்கு ஊறப்போட மறந்தேன்.

ஜூலை 9, வியாழன்

சிறப்புக் கூட்டம். கல்வெட்டு ஒன்றுதான் விஷயம்.

நிகம் தயாராக வந்திருந்தார். "அகரவரிசைப்படி போடுவோம். மராத்தியில 'ந' முன்னாடி, 'ம' பின்னாடி. ஆக நிகம், அப்புறம் மோரே."

மோரே சும்மா இருப்பாரா? "கல்லுல இங்கிலீஷும் இருக்கே! ஏ, பி, சி சொல்லிப் பாருங்க. எம் வந்த பிறகுதான் என்."

சபை முழுக்க விரல் மடக்கி ஏ, பி, சி. எல்கேஜி வகுப்பு மாதிரி. வார்டு அதிகாரி குல்கர்ணி மேடம் (கூட்டத்தை நடத்துவது இவர்தான், பாவம்) நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

யாரோ என் பக்கம் திரும்பி, "அண்ணி, உங்க மதராஸி பாஷையில எப்படி?"

எல்லாக் கண்ணும் என் மேல். தமிழிலும் ந-தான் முதலில். சொன்னால் மோரேவுக்கு ஆகாது. "பார்த்துச் சொல்றேன்" என்றேன். தாய்மொழி அகரவரிசையைப் பார்த்துச் சொல்வதாக. அப்பா உயிரோடு இருந்திருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பார்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கல் என்று ஒரு யோசனை. இடது பக்கம் யாருக்கு? வட்டமான கல்? அதில் எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது? முடிவு: வெள்ளிக்கிழமை எல்லோரும் நேரில் போய்ச் சுவரைப் பார்ப்பது.

வீட்டுக்காரர், "என்ன, இன்னிக்கும் கக்கூஸ்தானா?"
"கல்லு."
"எங்க ஃபாக்டரியில இந்நேரம் பத்து கக்கூஸ் கட்டியிருப்பாங்க."
"கட்டியாச்சுங்க. தெறக்கத்தான் ஆள் இல்ல."

ஜூலை 10, வெள்ளி

சிரித்துச் சிரித்து வயிறு வலி. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மழை தூறல். மார்க்கெட்டில் கழிப்பறை வாசலில் ஸ்டூல் போட்டுக் கூட்டம். நான் தார்ப்பாய்க்கடியில், வெங்காய மூட்டை மேல், நோட்டோடு. சாவி ஜூனியர் இன்ஜினியர் கையில். சுவரை அளந்தார்கள். மோரே உயரம் சரியில்லை என்றார். நிகம் வெளிச்சம் போதாது என்றார். டீக்கடைக்காரர் தன் செலவில் டீ மேல் டீ அனுப்பினார். குல்கர்ணி மேடம் குளிருக்கு எல்லாவற்றையும் குடித்தார்.

மத்தியானம் தாண்டியது. மேடம் என் காதருகே குனிந்து, "பக்கத்துல ஏதாவது… லேடீஸ்…?"

"ஆபீஸுக்குத்தான் போகணும் மேடம்."

ரயில்வே கேட்டைப் பார்த்தோம். மூடியிருந்தது. அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். மேடம் முகம் மாறியது. மோரே இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

சுனந்தாபாய் தராசை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கேலி இல்லை, கோபம் இல்லை. "மேடம், உங்க பின்னாடிதான் இருக்கு."

மேடம் கை நீட்டினார். "சாவி."

இன்ஜினியர், "மேடம், இன்னும் உத்காடன் (திறப்பு விழா) ஆகலையே! கல்வெட்டு…"

"சாவி!"

மோரே பேச்சை நிறுத்தினார். இந்தக் கமிட்டியில் இப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. பூட்டு துருப்பிடித்திருந்தது. இன்ஜினியர் திருகினார், வரவில்லை. நிகம் திருகினார், வரவில்லை. மோரே தேங்காய் எண்ணெய் வாங்கிவர ஆள் அனுப்பினார். மேடம் ஒற்றைக்காலில் மாறி மாறி நின்றார். கடைசியில் சுனந்தாபாய் படிக்கல்லால் ஒரே போடு. பூட்டு உடைந்து தெறித்தது.

மேடம் உள்ளே. வெளியே இரண்டு உறுப்பினர்களும் ஒரே குடைக்கடியில், வேறு வேறு திசை பார்த்தபடி.

மேடம் வெளியே வந்தபோது வாசலில் வரிசை. கீரைக்காரி, பூக்காரி, கருவாட்டுக்கார அக்கா, சுனந்தாபாயின் மருமகள். யாரோ கை தட்டினார்கள். அப்புறம் மார்க்கெட்டே தட்டியது. மேடம் முதலில் வெட்கப்பட்டு, பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் வரிசையில் போய் நின்றேன். டைல்ஸ் நன்றாக இருக்கிறது. இளநீலம்.

"மறுபடி பூட்டணுமே" என்றார் இன்ஜினியர்.
"எதால?" என்றாள் சுனந்தாபாய்.

ஜூலை 13, திங்கள்

வெயில். துணி காய்ந்தது.

மினிட்ஸில் எப்படி எழுதுவது? சனி, ஞாயிறு இதே யோசனை. கடைசியில்: 'நேரடிப் பார்வையின்போது வசதி பயன்படுத்திச் சோதிக்கப்பட்டது. திருப்திகரம்.' மேடம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையெழுத்துப் போட்டார்.

மோரே போன்: தன் யோசனையின் பேரில்தான் திறந்ததாக எழுத வேண்டுமாம். நிகம் நேரில்: அதே. இருவருக்கும் "பார்த்துச் சொல்றேன்".

ஜூலை 14, செவ்வாய்

கூட்டம். மேகமூட்டம். கல்வெட்டை யாரும் எடுக்கவில்லை. எல்லாருக்கும் மார்க்கெட் பெண்களின் கைதட்டல் ஞாபகம் இருக்கிறதுபோல.

பின் வரிசையில் சுனந்தாபாய், கூடவே ஆறேழு பேர். கீரைக்காரி, பூக்காரி, எல்லாரும். ஆளுக்கொரு முறம். பூண்டு உரித்துக்கொண்டு. ஹால் பூராவும் வாசனை.

"தெறந்தாச்சே பாய், இன்னும் என்ன?" என்றேன்.

"சனிக்கிழமையிலேர்ந்து குழாய்ல தண்ணி வரல மேடம். ரெண்டாவது விஷயமா போட்டிருக்காங்க." முறத்திலிருந்து தலை தூக்கவில்லை. "பேசட்டும், பேசட்டும். இன்னும் ரெண்டு மூட்டை கீழ இருக்கு."