சமையலறை வாசலிலிருந்து பார்க்க

மதியம் டிவி கடைக்காரர் சுவரை அளக்க வருவார். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், ஆறுவதற்குள் சாப்பிடு.

பிளாஸ்மாவா எல்சிடியா என்று கேட்பார். எல்சிடியில் பின்னால் ஒரு விளக்கு எரியும். முன்னால் பொடிப்பொடியான கதவுகள் திறந்து மூடி அந்த வெளிச்சத்தை வெளியே விடும். நேர் எதிரே உட்கார்ந்தால் பளிச்சென்று இருக்கும், ஓரமாகப் போனால் முகங்கள் வெளிறிவிடும். பிளாஸ்மாவில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் ஒரே படம்தான். பகலில் அதன் கண்ணாடியில் ஜன்னல் பிரதிபலிக்கும். ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டால் போதும்.

"எங்கெங்க உக்காந்து பாப்பீங்க சார்?" என்று கடையில் கேட்டார்.

"நான் சோபாவுல, அவ சமையலறை வாசல்ல."

"அப்ப கண்ண மூடிக்கிட்டு பிளாஸ்மா வாங்குங்க!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் தம்பியை நான் வாசலோடு திருப்பியனுப்பிய நாளிலிருந்து நீ சமையலறை வாசலில் நாற்காலி போட்டு அதில்தான் உட்காருகிறாய். மன்னிப்பும் கேட்டுப் பார்த்தேன். "டிவிய வேணா மாத்துங்க. உங்கள மாத்த முடியாது" என்றாய்.

எல்சிடி என்று நீ சொன்னால், சோபாவில் என் பக்கத்தில் வந்து உட்காருவாய் என்று எடுத்துக்கொள்வேன்.

பி.கு.: வேண்டாம், அந்தச் சங்கடம் உனக்கு எதற்கு? பிளாஸ்மா என்றே சொல்லிவிடு.

இன்னொன்று: உன் நாற்காலியின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. காலையில் ஆணி அடித்துவிட்டேன். இனி எத்தனை நாள் வேண்டுமானாலும் அங்கேயே உட்காரலாம்.